டெல்ஃபா அடியெடுத்துக் கொடுத்த நாடகம்

டெல்ஃபா என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஐசல் சித்தி வீட்டுச் சமையலறையில், பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தபோது. ஐம்பத்திரண்டாம் வருஷம், ஆகஸ்டு மாதம். ஐசல் சித்தி என் அம்மாவுக்கு நேர் இளையவள். அவளுடைய மூத்த மகன் பர்ல், எனக்கு மூன்று வயது இளையவன். சித்தி மடியில் இருந்த நாரையெல்லாம் உதறிவிட்டுச் சொன்னாள்:

"நம்ம பர்லு யாரைக் கட்டிக்கப் போறான் தெரியுமா வெர்னா? ஹோபர்ட் ஸ்லோன் மக டெல்ஃபாவை. அந்தக் கோழி தின்ன பொண்ணு."

"கோழி தின்னா என்ன சித்தி தப்பு?"

"முழுக் கோழியையும் தின்னாடி!"

விஷயம் என்னவென்றால், பள்ளிக்கூடத்துக்கு அடுப்பு வாங்குவதற்காகச் சாப்பாட்டுப் பெட்டி ஏலம் வைத்திருந்தார்கள். பெண்கள் ஆளுக்கொரு பெட்டியில் கோழி பொரித்து, ரொட்டி வைத்து, ரிப்பன் கட்டிக் கொண்டுவர வேண்டும். எவன் ஏலம் எடுக்கிறானோ அவனோடு உட்கார்ந்து அவள் சாப்பிட வேண்டும். டெல்ஃபாவின் பெட்டிக்குச் சுரங்க மேஸ்திரி மகன் விலை சொன்னான். அவனுக்கு மேலே கேட்க யாருக்கும் துணிச்சல் இல்லை. அவன் பணத்தைக் கட்டிவிட்டு, நண்பர்களிடம் பீற்றிக்கொண்டு, ஆடி அசைந்து வந்து சேர்வதற்குள் இவள் பெட்டியைத் திறந்து முழுக் கோழியையும் தின்று முடித்துவிட்டாள். எலும்பையெல்லாம் உள்ளே போட்டு, மூடி, ரிப்பனைப் பழையபடி கட்டி அவன் கையில் கொடுத்தாளாம்.

"இந்தா. பணம் உன்னுது, பசி என்னுது."

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அந்தக் கூட்டத்தில் பர்ல் நின்றுகொண்டிருந்தான். வீட்டுக்கு வந்தவன் இரண்டு நாள் சிரித்தபடியே இருந்தான் என்று சித்தி சொன்னாள். அடுத்த வசந்தத்தில் கல்யாணம் ஆயிற்று. அன்று முதல் டெல்ஃபா எனக்குத் தம்பி பெண்டாட்டி. நான் அவளுக்கு நாத்தனார்.

எங்கள் மலையில் ஒவ்வொரு ஓடைக்கரையும் ஒரு ஊர். எங்கள் கெட்டில் ஓடைப் பக்கத்தில் பெண்களுக்கு வேலை என்று பெரிதாக எதுவும் கிடையாது. கரிச் சுரங்கக் கம்பெனி கட்டிய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. அதில் சமையல் வேலைக்கு டெல்ஃபா சேர்ந்தாள். காலை ஐந்து மணிக்குப் போய் ரொட்டி சுட வேண்டும். அவள் ரொட்டி விள்ளும்போதே ஆவி பறக்கும். டாக்டர் க்ரென்ஷா தினமும் நான்கு தின்பார், மேலே தேன் பாகு ஊற்றி. பத்தொன்பது வருஷம் அவர் தட்டை இவள் நிரப்பினாள்.

டாக்டர் க்ரென்ஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்டவர் மாதிரித் தெரிய மாட்டார். வெள்ளை முடி, மெல்லிய குரல், எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். சுரங்கத்தில் இருந்து இருமிக்கொண்டு வருகிறவனை உட்காரவைத்து, முதுகில் குழாய் வைத்துக் கேட்பார். படம் எடுப்பார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு, "சுத்தமா இருக்கப்பா, போயிட்டு வா," என்று சொல்லி, ஜாடியில் இருந்து ஒரு பெப்பர்மின்ட் மிட்டாயை எடுத்துக் கையில் வைப்பார். அந்த மிட்டாய் வாங்காத ஆண்பிள்ளை எங்கள் ஓடையில் இல்லை. சுத்தம் என்று அவர் எழுதிவிட்டால் அப்புறம், சுரங்கத் தூசி நெஞ்சில் படிந்து வரும் கரி நோய்க்கு உதவித்தொகை கேட்டு எங்கே போய் நின்றாலும் நடக்காது.

பர்ல் இருபத்தாறு வருஷம் கரி வெட்டினான். நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத மட்டத்தில், முழங்கால் போட்டு. நாற்பத்தெட்டு வயதில் கோழிக்கூடுவரை போய்வர மூன்று இடத்தில் உட்கார வேண்டியிருந்தது. சுருட்டு, சிகரெட் ஒரு பழக்கமும் கிடையாது. டாக்டரிடம் மூன்று தடவை போனான். மூன்று மிட்டாயோடு வந்தான். மூன்றாம் தடவை டாக்டர் வேடிக்கையாக ஒன்று சொல்லியிருக்கிறார்.

"படத்துல கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கு பர்ல். வீட்டுல டெல்ஃபா ரொட்டியைக் கருக்குறாளோ? அந்தப் புகையா இருக்கும்."

பர்ல் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது நானும் அங்கேதான் இருந்தேன். டெல்ஃபா ஒரு சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சட்டியில் அடிப்பிடித்தது போன பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

அது எண்பத்தோராம் வருஷக் குளிர்காலம். அந்தச் சமயத்தில்தான் ராண்டல் நாடகம் என்று கிளம்பினான். ராண்டல் என் நாத்தனார் மகன். கல்லூரிக்குப் போய் பிரெஞ்சு மொழி படித்துவிட்டு வந்து, ஊர் உயர்நிலைப் பள்ளியில் வாத்தியாராக இருந்தான். எங்கள் ஊரில் பிரெஞ்சு படித்து என்ன செய்வது? அதனால் பிரான்சு தேசத்தில் முந்நூறு வருஷத்துக்கு முன்னால் போட்ட ஒரு கேலி நாடகத்தை எடுத்து, எங்கள் மலைப் பாட்டும் கிதாரும் பிடிலும் பாஞ்சோவும் சேர்த்து எங்கள் ஊர்க் கதையாக எழுதினான். எழுதிய காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு டெல்ஃபா வீட்டுச் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தான்.

"கதை என்னன்னா மாமி, ஒரு விறகு வெட்டி. குடிகாரன். பெண்டாட்டியைப் போட்டு அடிக்கிறான். அவ பழிவாங்கணும்னு பாக்குறா. அந்த நேரம் பார்த்து, பணக்காரர் வீட்டுக்கு டாக்டர் தேடி ரெண்டு பேர் வர்றாங்க. இவ சொல்றா, 'அதோ போறாரே, அவரு பெரிய டாக்டரு. ஆனா லேசுல ஒத்துக்க மாட்டாரு, நல்லா அடிச்சாத்தான் ஒத்துக்குவாரு'ன்னு."

"அடிச்சாங்களா?"

"அடி பின்னி எடுத்துட்டாங்க. வலி தாங்காம, 'ஆமா, நான் டாக்டருதான்'னுட்டான். அப்புறம் கோட்டைப் போட்டுக்கிட்டு வைத்தியம் பாக்கக் கிளம்பிடுறான்."

டெல்ஃபா காபியை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அந்த ஊர்ல அடிச்சுத்தான் அப்படி டாக்டர் ஆக்க வேண்டியிருந்துச்சா? நம்ம ஊர்ல அடிக்காமலே ஆயிட்டாங்களே!"

பர்ல் சிரித்தான். சிரித்து, இருமி, மேஜையைப் பிடித்துக்கொண்டான். இருமல் அடங்கும்வரை நாங்கள் மூன்று பேரும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம்.

"விறகு வெட்டி வேஷத்துக்கு ஆளே கிடைக்கல," என்றான் ராண்டல். "ஆம்பளைங்க யாரும் வர மாட்டேங்குறாங்க. டாக்டரைக் கேலி பண்ற வேஷம்னு தெரிஞ்சதும், 'எனக்கு வேலை வேணும் தம்பி'ங்குறாங்க."

"ஆம்பளைங்கதான் வரணும்னு உங்க பிரெஞ்சுக்காரன் எழுதி வச்சிருக்கானா?"

"இல்ல மாமி..."

"அப்ப நான் பண்றேன். பர்லோட சுரங்க உடுப்பு சும்மாத்தான் தொங்குது."

டெல்ஃபா விடவில்லை. "ஒரு பாட்டு சேக்கணும். டாக்டர் நெஞ்சைச் சோதிக்கிற மாதிரி ஒரு பாட்டு. அதை நான் சொல்றேன், நீ எழுது."

இப்படித்தான் அந்தப் பாட்டு வந்தது. நாடகத்தில் பொய் டாக்டர் ஒரு சுரங்கத் தொழிலாளியைச் சோதிப்பான். குழாயை அவன் செருப்பின் மேல் வைத்துக் கேட்டுவிட்டு, "நெஞ்சு சுத்தம்!" என்பான். பிறகு பாட்டு. பாட்டு முடிந்ததும் மேடையில் உள்ளவர்களுக்கெல்லாம் பெப்பர்மின்ட் கொடுப்பான். டாக்டர் கோட்டை நான்தான் பழைய படுக்கை விரிப்பில் தைத்தேன். குழாய்க்கு, பால் கறக்கும் இயந்திரத்து ரப்பரை வெட்டிக் கொடுத்தார்கள்.

ஒத்திகை பள்ளிக்கூட விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. வாத்தியக்காரர்கள் நான்கு பேர். அதில் பிடில் வாசிக்கும் க்ளீட்டஸும் பாஞ்சோக்காரனும் கம்பெனி ஆட்கள். எங்கள் ஊரில் ஒத்திகையை ஜன்னல் வழியாகப் பார்க்காதவர்கள் இல்லை. மிட்டாய் விஷயம் மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது.

நாடகத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஆஸ்பத்திரி மேனேஜர் சமையலறைக்கே வந்து நின்றார். அன்று நடந்ததை டெல்ஃபா எனக்கு அப்படியே நடித்துக் காட்டினாள்.

"டெல்ஃபா, நாடகம் ஆடுறது உன் இஷ்டம். ஆனா அந்தப் பாட்டையும் மிட்டாயையும் எடுத்துடு."

"எடுக்கலேன்னா?"

"திங்கக்கிழமை வேலைக்கு வராதே."

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் என் பேரு உங்க நோட்டுல இருக்குமில்ல?"

"இருக்கும்."

"அப்ப நகருங்க. ரொட்டி கருகுது. அப்புறம் டாக்டர் அதையும் ஒரு நோயாக்கிடுவாரு."

அவர்கள் அதோடு விடவில்லை. பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியரைப் பிடித்தார்கள். அவர் ராண்டலைப் பிடித்தார். க்ளீட்டஸையும் பாஞ்சோக்காரனையும் கூப்பிட்டு, அந்தப் பாட்டுக்கு வில்லில் கை வைத்தால் சுரங்கத்தில் கை வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ராண்டல் டெல்ஃபா வீட்டு வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"பாட்டை எடுத்துட்டேன் மாமி. செருப்புல குழாய் வைக்கிறதோட அந்தக் காட்சி முடிஞ்சிடும். நீங்க நேரா அடுத்த வசனத்துக்குப் போயிடுங்க. அந்தப் பாட்டுக்குப் பிடிலும் பாஞ்சோவும் வாசிக்க ஆளில்ல, நான் என்ன பண்ணட்டும்?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம். போய்ச் சாப்பிட்டுத் தூங்கு."

"கோவமா?"

"உன் மேல கோவப்பட்டு எனக்கு என்ன கிடைக்கும் ராண்டல்?"

அவன் போன பிறகு எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. நான் சொன்னேன்: "ஏண்டி டெல்ஃபா, அவனே எடுத்துட்டான். உன் மேல பழியில்ல. வேலையும் நிக்கும். பர்லுக்கு மருந்து வாங்கணும். ஒரு பாட்டுக்காக..."

பர்ல்தான் நாற்காலியில் இருந்து பேசினான். நாலு வார்த்தைக்கு ஒரு தடவை நின்று மூச்சை வாங்கித்தான் அவனால் பேச முடியும்.

"அக்கா... என் மூச்சைக் காரணம் காட்டி... அவ வாயை மூடாதே. அவ வாயைப் பாத்துத்தான்... நான் கட்டுனேன்."

"கோழி தின்ன வாயை," என்றாள் டெல்ஃபா.

"அதேதான்."

நாளைக்குப் போட வேண்டிய கோட்டுக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஏப்ரல் மாதச் சனிக்கிழமை, மதியம் இரண்டு மணி ஆட்டம். கூடம் நிறைந்துவிட்டது. முன் வரிசை டிக்கெட்டுகளைக் கம்பெனி வாங்கியிருந்தது. வருஷா வருஷம் பள்ளி நிகழ்ச்சிக்கு வாங்குவதுதான். டாக்டர் க்ரென்ஷாவும் சம்சாரமும் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசை ஓரத்தில் பர்லை உட்காரவைத்து நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்களுக்குப் பின்னால் எல்லாம் ஓடைக்காரர்கள். கைக்குட்டைக்குள் இருமிக்கொள்ளும் சத்தம் மழை சொட்டுவது மாதிரி விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

நாடகம் நன்றாகத்தான் போயிற்று. டெல்ஃபா பர்லுடைய உடுப்பில், முடியைத் தொப்பிக்குள் சுருட்டி, தள்ளாடிக்கொண்டு வந்தபோதே கூடம் அதிர்ந்தது. தீவனச் சாக்கைச் சுருட்டி அவளை அடிக்கிற காட்சியில் என் பின்னால் ஒரு கிழவர், "இன்னும் ரெண்டு போடு, இன்னும் ஒத்துக்கல!" என்று கத்தினார். டாக்டரும் சிரித்தார். பாட்டை எடுத்துவிட்டார்கள் என்று அவருக்குத் தெரியும் அல்லவா?

அப்புறம் சோதிக்கிற காட்சி வந்தது. டெல்ஃபா குழாயைச் செருப்பில் வைத்தாள். காதில் வாங்கினாள். "நெஞ்சு சுத்தம்!" என்றாள். சிரிப்பு அடங்கியது. க்ளீட்டஸ் பிடிலைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஓரத்தில் நின்ற ராண்டல், போ, அடுத்ததுக்குப் போ என்று கையை ஆட்டினான்.

டெல்ஃபா போகவில்லை. மேடை முனைக்கு வந்து நின்றாள். கழுத்தில் இருந்த குழாயை எடுத்துக் கீழே வைத்தாள்.

எங்கள் பழைய பாப்டிஸ்ட் சபையில் வாத்தியம் கிடையாது. பாட்டுப் புத்தகமும் எல்லார் கையிலும் இருக்காது. சபையை நடத்தும் மூப்பர் முன்னால் நின்று ஒரு வரியை விறுவிறுவென்று ஒரே மூச்சில் சொல்லி அடியெடுத்துக் கொடுப்பார். சபை அதை வாங்கி, ஒவ்வொரு எழுத்தையும் மலை ஏறி இறங்குகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடும். இதைப் பள்ளிக்குப் போகும் முன்பே எங்கள் பிள்ளைகள் பழகிவிடும். யாராவது அடியெடுத்துக் கொடுத்தால் எங்களால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. ஆனால் அடியெடுத்துக் கொடுப்பது ஆண்கள் வேலை. எந்தப் பெண்ணும் கொடுத்து நான் கேட்டதில்லை.

டெல்ஃபா மூச்சை இழுத்தாள். மூப்பர் சொல்கிற அதே வேகத்தில், அதே ராகத்தில் கொடுத்தாள்:

"மூச்சை இழுன்னு சொன்னாரு டாக்டரு, இழுத்தேன் இருமல் வந்ததே."

யாரும் வாங்கவில்லை. முன் வரிசையில் டாக்டரின் கழுத்து சிவந்தது. டெல்ஃபா அப்படியே நின்றாள். எனக்கு வாய்வரை வந்துவிட்டது, பயத்தில் வெளியே வரவில்லை. அதைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வெட்கம்தான்.

என் பக்கத்தில் இருந்து பர்ல் வாங்கினான். "மூ... ச்சை..." என்று இரண்டு சொல் இழுத்தான். அதோடு மூச்சு தீர்ந்துவிட்டது. அவன் விட்ட இடத்தில் பின்னால் இருந்த கிழவர் பிடித்தார். அவர் விட்ட இடத்தில் இன்னொருவர். எங்கள் பாட்டின் வசதி அது. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்க வேண்டியதில்லை. ஒருவன் விட்டால் பக்கத்தில் இருப்பவன் பிடித்துக்கொள்வான், சத்தம் அறுந்து போகாது. நெஞ்சில் அரைக்கால் மூச்சு இருப்பவனும் பாடலாம். முதல் வரி முடியும்போது முந்நூறு பேர் பாடினார்கள். நானும் பாடினேன்.

டெல்ஃபா அடுத்ததைக் கொடுத்தாள்:

"கரியைக் கண்டு கண்ணை மூடிச் சுத்தம் சுத்தம் என்றாரே."

அடுத்தது:

"உன் வீட்டு ரொட்டி கருகிப் போச்சு, பெண்டாட்டி குத்தம் என்றாரே."

அடுத்தது:

"இருபத்தாறு வருஷக் கரியை எந்த அடுப்பு கக்கியதோ?"

அந்த வரியை ஜனங்கள் இழுத்த இழுப்பில் கூடத்து ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கேலிப் பாட்டு என்றே தோன்றவில்லை. சவ அடக்கத்தில் பாடுவது போல இருந்தது. க்ளீட்டஸ் பிடிலைத் தொடவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். ஆனால் வாய் பாடியது. வாயைப் பற்றி அவனிடம் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லையே!

பிறகு நடந்ததை யாரும் திட்டம் போடவில்லை. சபையில் பாட்டு நடக்கும்போது நாங்கள் எழுந்து ஒருவருக்கொருவர் கை கொடுப்போம். யாரையும் விடக் கூடாது. பகையாளியாக இருந்தாலும் கை கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். பாட்டு சபைப் பாட்டு மாதிரி இருந்ததால் ஜனங்களுக்குக் கால் தானாக எழுந்துவிட்டது. வரிசை வரிசையாக எழுந்து கை கொடுக்க ஆரம்பித்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முன்னால் வந்தார்கள். முன் வரிசையை எப்படி விட முடியும்?

முதலில் போனது எண்பது வயது ஓமா கிழவி. பாடிக்கொண்டே டாக்டர் கையைப் பிடித்துக் குலுக்கினாள். கண் சரியாகத் தெரியாதவள், யார் கை என்றே அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளுக்குப் பின்னால் போனவர்களுக்குத் தெரியும். ஒருவன் பின் ஒருவனாகச் சுரங்கத்துக்காரர்கள் வந்து நின்றார்கள். டாக்டரால் எழுந்து போக முடியவில்லை, வழியெல்லாம் ஆள். கையை நீட்டாமலும் இருக்க முடியவில்லை. அவருக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொருவனும் ஏதோ சொன்னான். நான் பர்லைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனபோது கேட்டேன்.

"சுத்தமா இருக்கேன் டாக்டர்," என்றான் எனக்கு முன்னால் நின்றவன்.

அவனுக்கு அடுத்தவன், "நானும் சுத்தம் டாக்டர். சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

அங்கே நடந்து போனதிலேயே பர்லுக்கு மூச்சு வாங்கிவிட்டது. டாக்டர் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு திரும்புகிறவரைக்கும் நின்றான். அது கொஞ்ச நேரமா? அவன் நெஞ்சுக்குள் விசில் அடிக்கிற சத்தத்தைக் குழாய் இல்லாமலே டாக்டர் கேட்டிருப்பார். அவர் அவனுடைய முகத்தைப் பார்க்கவில்லை, சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் பர்ல் கையை விட்டான். டாக்டரும் சம்சாரமும் பக்க வாசல் வழியாகப் போய்விட்டார்கள்.

டெல்ஃபா எல்லாரும் உட்காரும்வரை காத்திருந்தாள். பிறகு குழாயை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பெப்பர்மின்டையும் கொடுத்து, அடுத்த வசனத்தில் இருந்து நாடகத்தைத் தொடர்ந்தாள். இன்னொரு தடவை அடி வாங்கினாள். ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

ஞாயிறன்று மதியம் சபை மூப்பர் ஹாசல் ஸ்டம்போ டெல்ஃபா வீட்டுக்கு வந்தார். பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிட்டார். முடித்துவிட்டு ஆரம்பித்தார்.

"ஏம்மா டெல்ஃபா, பொம்பளை அடியெடுத்துக் குடுக்கலாமா?"

"சபையில குடுக்கலையே பிரதர் ஹாசல். பந்து விளையாடுற கூடத்துலதானே குடுத்தேன்."

"ராகம் நம்ம ராகமாச்சே."

"ராகத்துக்கு நீங்க பட்டா வாங்கி வச்சிருக்கீங்களா?"

"கேலிப் பாட்டுக்கு அந்த ராகத்தைப் போட்டது பாவம்."

"அதுல கேலி எந்த வரியில இருக்கு, சொல்லுங்க. எல்லாம் நடந்ததுதானே? சரி, நான் பாவி. ஆனா நாலாம் வரியை நீங்க நல்லா இழுத்தீங்க. மேடையில இருந்து பாத்தேன்."

மூப்பர் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார். "அது பழக்க தோஷம்," என்றார். வாசல்வரை போனவர் திரும்பி, மூன்றாம் வரியில் அவள் சுருதி கொஞ்சம் ஏறிவிட்டது என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை காலை டெல்ஃபா வழக்கம்போல ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள். "வராதேன்னு சொன்னேனே," என்றார் மேனேஜர். "என் ரொட்டித் தட்டு இங்க இருக்கு. அது எங்க அம்மாவோடது," என்று சொல்லி, தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, பின் வாசல் வழியாகப் போகச் சொன்னவர்கள் முன்னால் முன் வாசல் வழியாக நடந்து வெளியே வந்தாள். பத்தொன்பது வருஷ வேலை அதோடு போயிற்று. எனக்கு அழுகை வந்தது. அவளுக்கு வரவில்லை.

அந்தக் கோடையில் ராண்டலும் அவளும் நாடகத்தை வேறு வேறு ஓடைகளுக்குக் கொண்டுபோனார்கள். மொத்தம் பதினோரு பள்ளிக்கூடங்கள். போன இடமெல்லாம் அந்தக் காட்சிக்கு வாத்தியத்தை நிறுத்திவிட்டு அடியெடுத்துக் கொடுத்தாள், போன இடமெல்லாம் ஜனங்கள் வாங்கினார்கள். ராண்டல் ஒவ்வொரு ஊரிலும் ஆட்டத்துக்கு முன்னால், "மாமி, இன்னிக்கு யாரும் வாங்கலேன்னா?" என்று கேட்பான். "வாங்கலேன்னா நான் அங்கேயே நிப்பேன்," என்பாள். அப்புறம் அவள் உயர்நிலைப் பள்ளியில் சமையலுக்குச் சேர்ந்தாள். தலைமை ஆசிரியருக்கும் அவள் ரொட்டி பிடிக்கும்.

பர்ல் எண்பத்து மூன்றாம் வருஷம் டிசம்பரில் போனான். டாக்டர் க்ரென்ஷா இதயம் நின்றதால் சாவு என்று எழுதிக் கொடுத்தார். டெல்ஃபா அந்தக் காகிதத்தை வாங்க மறுத்துவிட்டாள். நெஞ்சைத் திறந்து பார்க்காமல் அடக்கம் செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டாள். சொந்தக்காரர்கள் நாங்கள் எல்லாரும் சொன்னோம், செத்தவனை அறுப்பதா என்று. "அவன் உள்ளே வச்சிருந்ததைத்தானே எல்லாரும் இல்லேங்கறீங்க. எடுத்துக் காட்டிட்டு புதைக்கிறேன்," என்றாள். தூரத்து ஊர் ஆஸ்பத்திரிக்குச் சொந்த வண்டியில் கொண்டுபோனாள். அங்கே பார்த்தவர்கள் கரி நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். அந்தக் காகிதத்தோடு வந்த பிறகுதான் குழி வெட்ட விட்டாள். அடக்கத்தில் பாட்டை மூப்பர் ஹாசல்தான் கொடுத்தார். எங்கள் வழக்கத்தை அவள் மீறவில்லை. வாங்கிப் பாடினாள், எல்லாரையும்விடச் சத்தமாக.

டாக்டர் க்ரென்ஷா அதற்கடுத்த வருஷம் ஓய்வு பெற்று, ஃப்ளோரிடா பக்கம் போய்விட்டார். போகிறவரைக்கும் மிட்டாய் ஜாடி மேஜை மேல்தான் இருந்ததாம். கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்களாம்.

டெல்ஃபாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. கெட்டில் ஓடைக்கு மேலே, மகள் வீட்டுக்கு எதிரில் சக்கரத்தில் இழுத்துவந்து நிறுத்திய ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். ஒரு காது கேட்காது. முழங்கால் வலிக்கு மருந்து சாப்பிடுகிறாள். ஆனால் யாராவது அடியெடுத்துக் கொடுத்தால் இன்றைக்கும் எல்லாரையும்விடச் சத்தமாக வாங்கிப் பாடுகிறாள்.